வடை நேரம்

தனி ஆவர்த்தனம் தொடங்கியது. ஒருவரும் எழும்பவில்லை.

மிருதங்கக்காரன் கேதீஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் தனியே வாசிக்கத் தொடங்கினால், வெள்ளவத்தைச் சபை மண்டபம் கன்ரீனுக்குப் போய்விடும். அது அங்கே எழுதாத சட்டம்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை சபையின் செயலாளர் பூபாலசிங்கம். "தம்பி தோலை அடிக்கட்டும், நாங்கள் வடையை அடிப்பம்" என்று மேடைக்குக் கேட்கவே சொல்லிவிட்டுப் போவார்.

இன்று அவர் முதல் வரிசையில் கைகட்டி இருந்தார். வடை வாசம் உள்ளே வந்தது. அவர் அசையவில்லை.

மனைவி சுகிர்தா செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு கேதீஸ்வரன் ஏறிய முதல் மேடை. அதுவரை மிருதங்கத்தின் உறையை அவன் கழற்றவே இல்லை. வெறும் கதிரைகளுக்கு முன்னால் கொஞ்சம் வாசித்துவிட்டு இறங்கலாம் என்றுதான் ஒத்துக்கொண்டான். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க வாசித்து முடிக்கத் தன்னால் ஆகுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போல நேராக இருந்தார்கள்.

வாசித்தான்.

திஸ்ர நடைக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று மண்டபத்தை உலுக்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்குள்ளும் கை பிசகவில்லை. கண் மட்டும் பக்கக் கதவில் இருந்தது.

வயலின்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகி அன்னபாக்கியம் ரீச்சர் கண்ணைக் காட்டினார். அவன் காணவில்லை. மீண்டும் காட்டினார். கடைசியில் சாய்ந்து, மைக்குக்குக் கேட்காமல் சொன்னார்.

"தம்பி, காணும். முடியுங்கோ."

முடித்தான்.

கைதட்டல் நிற்கக் கனநேரம் எடுத்தது. கச்சேரி முடிந்ததும் பூபாலசிங்கம் மேடையேறி அவன் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு காலமும் வடையைத் திண்டு கெட்டுப்போனம். இந்தத் தனியைச் சுகிர்தா இருந்து கேட்டிருக்க வேணும், தம்பி."

"ஓம்" என்றான்.

சுகிர்தா அவனுடைய தனியை ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. பூபாலசிங்கம் செருப்பைத் தேடுவதற்குள் அவள் எழும்பிப் போயிருப்பாள். பிந்தினால் கன்ரீனில் வரிசை நீண்டுவிடும்.

தேத்தண்ணிக் கோப்பையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு பக்கக் கதவில் வந்து நிற்பாள். அவளைக் கண்டதும் அவன் தனியை முடிக்கும் கோர்வைக்குப் போவான். தேத்தண்ணி ஆறினால் குடிக்க மாட்டான்.

இன்று கதவில் ஒருவரும் வந்து நிற்கவில்லை.