பாலத்தில் நிற்கும் தொப்பைக்காரன்

"வின்சன்ற் அண்ணன், அவன் பாலத்தால தண்ணிக்குள்ள விழுற இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருங்க. கடலுக்குத் தப்பி வந்த பிள்ளையள் இதுகள்."

குருக்கள்மடத்துச் சுனாமி அகதி முகாமில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வதனி, பிள்ளைகளுக்குக் காட்டவிருந்த படத்தை முதலில் தான் மட்டும் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்டாள். வின்சன்றின் முகம் சுருங்கிப்போனது. பழைய ஊமைச் சிரிப்புப் படங்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். புளியந்தீவு வீட்டில் அலுமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஏணியில் சறுக்கி, மாவுக்குள் புரண்டு, பொலிசுக்குப் போக்குக் காட்டும் இந்தத் தொப்பைக்காரனின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே இந்தச் சுருள் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"வெட்டினா இது குப்பை, ரீச்சர். நான் கையால மறைக்கிறன்" என்றார்.

ஞாயிறுதோறும் பொழுதுபட்டதும் படம் ஓடியது. தொப்பைக்காரன் சறுக்கும்போதெல்லாம் கூரைத் தகரம் அதிரச் சிரிப்பார்கள். பாலம் வந்ததும் வின்சன்ற் புரொஜெக்டரின் வில்லைக்கு முன்னால் கையை வைத்துவிட்டு, கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். இவ்வளவு அருமையான இடத்தை மறைக்க எந்தச் சேகரிப்பாளருக்குத்தான் மனம் வரும் என்று வதனி இரங்குவாள்.

அந்த நேரம் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். இதுகளின் பயம் எப்போது தெளியும், இனி வாவிக்கரைப் பக்கமாவது போகுமா என்பதுதான் வதனியின் ஓயாத கவலை.

ஒரு பின்னேரம் பிள்ளைகளைக் காணவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு தேடி ஓடினாள். வாவிக்கரையில், முழங்காலளவு தண்ணீரில், ஒவ்வொருவராக வயிற்றைத் தள்ளி, இல்லாத தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மல்லாக்க விழுந்துகொண்டிருந்தார்கள். தொப்பைக்காரன் விழுவதும் அச்சொட்டாக அப்படித்தான்.

"அவன் இப்பிடித்தான் விழுவானெண்டு உங்களுக்கு ஆர் மனே சொன்ன?"

சுலோஜனா சொட்டச் சொட்ட எழுந்து நின்றாள். "வின்சன்ற் மாமாட கை நடுங்கும், ரீச்சர். விரலுக்குள்ளால மங்கலாத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் பாக்கிற நாங்க."

"பிறகேன் ஒருத்தரும் சிரிக்கிறயில்ல?"

"அவர்ர மனிசி, மாமியும் கடலோட போயிற்றாவாம், நான் கேட்டதுக்குச் சொன்னவர். அந்த இடத்தில பயம் அவருக்குத்தான், ரீச்சர். முதல்ல அவர் கண்ணைத் திறந்து சிரிக்கட்டும், பிறகு நாங்களும் சிரிப்பம்."