மலை வரைக்கும்

கடையின் கண்ணாடிச் சுவர் வழியே மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கையின் மடியில் மூன்றாவது லேப்டாப்பை வைக்கிறார் விற்பனையாளர். விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அதனால் அண்ணன் தன் உள்ளங்கையை லேப்டாப்புக்கும் அவள் தொடைக்கும் நடுவில் நுழைத்து வைத்துக்கொள்கிறான். முதலில் பார்த்தது புயல் வேகம். ஆனால் சற்று நேரத்திலேயே அடுப்பாய்க் கொதித்தது. அடுத்தது இறகு போல லேசு. ஆனால் அதில் அவள் ஆடும் கணினி விளையாட்டுதான் திக்கித் திணறியது. இது இரண்டுக்கும் இடைப்பட்டது. "கனமா இருக்கா?" என்று கேட்கிறான். "நானே தூக்கிப் பைக்குள்ள வெச்சுக்குவேண்ணா." பின்னணியில் ஒரு மலையோடு திரையில் ஒரு காடு விரிகிறது. அதன் பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் அலைகிறது. உள்ளே விசிறிகள் தூரத்து மழை போல இரைகின்றன. அவள் விரல் அசைய அசைய, திரையில் ஒருத்தி வேர்களைத் தாண்டி ஓடுகிறாள், ஓடையைத் தாவுகிறாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தங்கையின் தோள்கள் சாய்கின்றன; அவளுக்கு மூச்சுகூட வாங்குகிறது.

"சுடுதாண்ணா?" கண்ணை எடுக்காமல் கேட்கிறாள். அவன் கையைத் திருப்பி வைத்துப் பார்க்கிறான். கொடியிலிருந்து அப்போதுதான் எடுத்த துணியின் இளஞ்சூடு, அவ்வளவுதான்.

"இல்லம்மா. இதையே எடுத்துக்கலாம்."

விற்பனையாளர் பெட்டியோடு வந்து நிற்கிறார்.

"கொஞ்சம் இருங்க," என்கிறாள். "அந்த மலை வரைக்கும் ஓடிட்டு வந்துடறேன்."

அவர் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறார். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.