மூன்று பல்புகள்

கருங்குழி ஊரை ஒட்டிய அப்பாவின் கழனியில், கிணற்றுக்குள் மைக் தொங்கும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் காயத்ரி. மைக், சாலமோன் தன் சர்ச்சில் கெஞ்சி வாங்கி வந்தது. அதற்குச் சற்று மேலே ஸ்பீக்கர் பெட்டி தொங்குகிறது. போஸ்ட்-பங்க் என்னும் ராக் இசை வாசிக்கும் இவர்களுக்கு வேண்டிய குளிர்ந்த எதிரொலி எந்தக் கிடார் பெடலிலும் இல்லை. இந்தக் கல் கிணற்றில் இருக்கிறது. காலையிலிருந்து ஐந்து தடவை வாசித்துப் பதிவு செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு மயிலோ லாரியோ கெடுத்துவிட்டது.

"இத்தான் டேக்கு. மூச்சுகூட வுடாத," என்கிறான் சாலமோன். பனை நிழலில் குந்தி, கிடாரின் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பச் சுண்டுகிறான். அந்த ஒலி ஸ்பீக்கர் வழியே கிணற்றில் இறங்கி, ஈரக் கல்லில் மோதி, யாரோ பத்துப் பேர் அழைப்பதுபோல் மேலே வருகிறது. காயத்ரிக்குப் புல்லரிக்கிறது. அப்போதுதான் மோட்டார் கொட்டகையில் முனைக்கு ஒன்றாக மாட்டிய மூன்று பல்புகளும் எரிகின்றன. மும்முனைக் கரண்ட் இன்று சீக்கிரமே வந்துவிட்டது. ஆட்டோ சுவிட்சை அணைக்க அவள் மறந்திருக்கிறாள். அரை நிமிடத்தில் போர் மோட்டார் தானாக ஓடும்; அதன் குழாய் கொட்டுவது இந்தக் கிணற்றில், மைக்கின் தலைக்கு நேரே. அணைக்க அவள் ஓடினால் சருகு நொறுங்கும். கயிற்றை இழுத்தால் மைக் கல்லில் உரசும். வாய்க்குள் எண்ணுகிறாள். பதினெட்டில் சாலமோன் கம்பியிலிருந்து விரலை எடுக்கிறான். எதிரொலி மெலிந்துகொண்டே போகிறது, ஆனால் போகவில்லை. இருபத்தைந்து. இருபத்தாறு. இப்போது கிணற்றில் ஒன்றுமே இல்லை.

"கெட்ச்சிச்சா?" என்கிறான், கண்ணைத் திறக்காமலே.

"கெட்ச்சிச்சி," என்கிறாள் காயத்ரி, கயிற்றை வெறி பிடித்தவள்போல் இழுத்துக்கொண்டே.

கொட்டகையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுகிறது.