வரன் பார்க்கும் மரத்தடி

“அப்பா, அதுதான் பேரரசர் உட்கார்ந்த சிம்மாசனம். ஒரு நிமிஷம் நின்னு பாருங்களேன்.”

“பார்த்தாச்சும்மா. நாற்காலிதானே? வா, சொர்க்கக் கோயிலுக்குப் போகலாம். நேரமாச்சு.”

“தினம் காலையில நீங்க நடக்கப் போற கோயில் தோட்டம்தானே அது? இன்னிக்கு என்ன அவசரம்?”

அப்பா அதற்குள் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். பெய்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அரண்மனை டிக்கெட்டுக்காக ஒரு வாரம் முன்பே போனோடு மல்லுக்கட்டி, ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தாள். அம்மா போனபிறகு பெய்ஜிங்கில் அவளோடு வந்து இருப்பவர் அப்பா. விடிவதற்குள் எழுந்து தலைக்கு டை அடித்துக்கொண்டு அவர் தயாரானபோது, அரண்மனை பார்க்கத்தான் இத்தனை ஆசை என்று நினைத்து ஏமாந்துபோனாள்.

வாசலில் ஒரு போட்டோ எடுக்கக்கூட மனுஷர் நிற்கவில்லை.

சொர்க்கக் கோயிலிலும் அதே கதைதான். நீல ஓட்டு மண்டபத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார். அவர் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளம் எழுதிய தாள்களைத் தரையில் பரப்பிவைத்து, பெற்றவர்கள் வரன் தேடும் மரத்தடி அது.

“என் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே அப்பா. மறுபடி எடுத்தா ஊருக்கே ரயிலேத்தி விட்டுடுவேன்னு சொன்னேனா இல்லையா?”

“உன் பேச்சை நான் எடுக்கவே இல்லையேம்மா” என்று முணுமுணுத்தார் அப்பா.

அதற்குள், சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் சிரித்த முகமாக வந்து பெய்லானின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மெல்ல ஒரு மரத்துக்குப் பின்னால் நழுவினார்.

“நீதான் பெய்லானா? அப்பா சொன்னதைவிட லட்சணமா இருக்கியே. இருக்கிறது சொந்த வீடா?”

“ஆமா.”

“சமையல் யாரு?”

“அப்பாதான்.”

“பெரியவங்ககூட அனுசரிச்சுப் போவியாம்மா? கோபம் ரொம்ப வருமோ?”

முப்பத்தைந்து வயதில், பட்டப்பகலில், சந்தைக் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

“இதோ பாருங்கம்மா. உங்க பையன் தங்கமாவே இருக்கட்டும், எனக்குக் கல்யாணம் வேண்டாம். பொண்ணு கேட்டு வந்திருந்தா, வந்த வழியே போயிடுங்க.”

அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் நின்றவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எனக்குப் பையனே கிடையாதும்மா. நான் உங்க அப்பாவைக் கேட்டு வந்திருக்கேன்.”