நாக்கு வாடகை

நுங்கம்பாக்கத்தின் பெரிய ஜப்பானிய உணவகத்தில் எஸ்தர் தனியாக உட்கார்ந்து சுஷி தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவது அவள், ருசி மட்டும் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஞானமூர்த்திக்கு. நாக்கை வாடகைக்கு விட்டுத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. வேலை நேரத்தில் எந்த உசத்தியான பண்டமும் அவளுக்கு வெறும் சக்கைதான்.

"மெதுவா மெல்லும்மா," என்றது காதுக்குள் அவர் குரல். "ஆறு மாசமா குழாய்லதான் கஞ்சி. அந்தப் பச்சை விழுதையும் கொஞ்சம் வை. மூக்குல ஏறணும்."

"வசாபியா சார்? கண்ணுல தண்ணி கொட்டிடும்."

"கொட்டட்டுமே. இங்க யாரு இருக்கா பாக்குறதுக்கு?"

சிரித்துக்கொண்டே குச்சி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். சுரீரென்று உச்சந்தலைவரை ஏறியது, அவளுக்கு.

"சார்?"

காதில் சத்தமே இல்லை. அந்தப் பக்கம் மூச்சு அடங்கினால்தான் ருசி பாதியில் இந்தப் பக்கம் திரும்பும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

எதிரே மீன் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் பதறினார். "வசாபி ஜாஸ்தியாயிடுச்சா மேடம்? தண்ணி குடிங்க."

எஸ்தர் தலையாட்டினாள். தண்ணீரைத் தொடவில்லை. கண்ணையும் துடைக்காமல், தட்டில் மீதியிருந்த ஞானமூர்த்தியின் மீனை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.