மாடியிலிருந்து ஒரு மூச்சு

"தம்பி, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்! காலையில நீங்க மாத்தி வச்சதுலேர்ந்து போன் கண்ணாடி மாதிரி கேக்குது!"

கடைக்கார அக்கா இப்படிச் சொன்னதும் டெக்னீஷியனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயரே 'பாம்புக்காது'.

அது மரச்சாமான் கடை. பின்கட்டில் மரம் அறுக்கும் கூச்சலில், கடையிலிருந்த கம்பியில்லா போன்களில் யார் பேசினாலும் கரகரவென்றுதான் கேட்கும். காலையில் வந்தவன் லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக்கை மாற்றினான். எல்லா போனுக்கும் இரைச்சல் வடிகட்டியைப் போட்டான். மதியத்துக்கு மேல் சரிபார்க்க வந்திருந்தான்.

"ரம்பம் ஓடுறதே தெரியல தம்பி. ஆள் பேசுறது மட்டும் கணீர்னு வருது."

"அதானேக்கா வித்தையே! பேச்சை மட்டும் உள்ளே விடும், மத்ததையெல்லாம் வாசலோட துரத்திடும்."

அப்போதும் அக்கா ஒரு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள்.

"லைன்ல யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர். மாடியில, ரம்பச் சத்தம் எட்டாத அறையில படுத்த படுக்கையா கிடக்கிறார். தலைமாட்டுல ஒரு போன் வச்சிருக்கேன், கூப்பிட்டா அதுவே எடுத்துக்கும். மூச்சு கொஞ்சம் மாறினாலும் உடனே தூக்கிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான், ஒரு காது வியாபாரத்துக்கு, ஒரு காது அவருக்கு."

"ஐயோ பாவம். அடிக்கடி மேலே ஓடணுமேக்கா?"

"தினமும் ஓட்டம்தான். இன்னிக்குத்தான் கால் பிழைச்சுது. இழுப்பு இல்ல, இருமல் இல்ல, சீரா மூச்சு விடுறார். மதிய மாத்திரைக்குக்கூட எழுப்பல, தூங்கட்டும்னு விட்டுட்டேன். நீங்களே கேளுங்களேன்."

வாங்கிக் காதில் வைத்தான்.

ஸ்ஸ்ஸ்ஸ்... ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பாம்புக்காது போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக் கேட்டான்.

"என்ன தம்பி, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

அடப்பாவி, இது மூச்சா? எதிர்முனையில் பேச்சு இல்லாதபோது, லைன் அறுந்துவிட்டதென்று ஆட்கள் போனை வைத்துவிடாமல் இருக்க, போன் தானே எழுப்பிக்கொள்ளும் பொய்ச்சத்தம்! காலையில் வடிகட்டியோடு சேர்த்து அதையும் போட்டுவிட்டவன் அவனேதான்.

மாடிக்கு ஓடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கை தொழில் பழக்கத்தில் லேப்டாப்புக்குப் போனது. பொய்ச்சத்தத்தை அணைத்தான். வடிகட்டியை எடுத்தான். மாடிக்கு மறுபடி அழைத்தான். போன் தானே எடுத்துக்கொண்டது.

தலைமாட்டில் இருந்த கடிகாரம் டிக், டிக்கென்று துல்லியமாகக் கேட்டது.

அது மட்டும்தான் கேட்டது.