காக்காக்கடி

"யாரு காக்கா?" என்று கேட்ட பிறகுதான் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் விரலை நீட்டியது. கிழக்குத் தெரு சுபிக்ஷாவின் பக்கம்.

சுபிக்ஷா அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். முகமெல்லாம் பல்.

டீச்சரும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுந்து நின்றாள். இதே பள்ளிக்கூடம், இதே வகுப்பு. அதே தெரு, அதே கருப்பு.

கருப்பு சார்ட்டில் வெட்டிய இறக்கை. மைதாப் பசை வாசம்.

தோளில் கட்டிவிட்டதும் வீடு வரை பறந்தே போனாள். அவிழ்க்க மாட்டேன் என்று அழுது, அதோடேயே தூங்கினாள். அப்படி ஒரு சந்தோஷம் அப்புறம் வாய்க்கவே இல்லை. ஏன் தன்னையே கை காட்டினார்கள் என்பதெல்லாம் பின்னால் புரிந்த சமாச்சாரம்.

நாடகக் கதையும் இதேதான். காக்காவை எந்தப் பறவையும் பந்தியில் சேர்ப்பதில்லை. பஞ்சம் வருகிறது. காக்காவுக்கு மட்டும் ஒரு கொய்யாப்பழம் கிடைக்கிறது. தனியாகத் தின்னத் தெரியாத ஜென்மம், எல்லாரையும் கூப்பிடுகிறது. எச்சில் படாமல் துணியில் பொதிந்து, காக்காக்கடி கடித்து, ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறது.

அன்றைக்கு ஆண்டு விழாவில் கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அவள் கடித்துக் கொடுத்த துண்டுகள் மண்ணில் கிடந்தன. கிளி, மயில், குருவி, எல்லாருடையதும். வாயை மட்டும் அசைத்திருக்கிறார்கள்.

கதை மேல் என்ன கோபம்? டீச்சராகி இங்கேயே வந்ததும் அதைத்தான் முதலில் எடுத்தாள்.

"சரி, சுபிக்ஷாவே காக்கா. கவினேஷ், நீ கிளி."

அன்றைக்குக் கிளியாக நின்றவன் கவினேஷின் அப்பா. பையனுக்கும் அதே மூக்கு. வேறு வேஷம் பொருந்தாது.

ஒத்திகைக்கு வாங்கி வைத்த கொய்யாவைச் சுபிக்ஷா சட்டை நுனியில் பொதிந்து நறுக்கென்று கடித்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

டீச்சர் வாய்களை நம்பவில்லை. கைகளையே பார்த்தாள்.

மயில் தின்றது. குருவி தின்றுவிட்டு, "அவளுக்கு மட்டும் பெருசு" என்று மயிலோடு சண்டைக்குப் போனது.

கிளியின் வாய் அசைந்தது. கை மூடியிருந்தது.

அப்பன் புத்தி. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

"கையத் திற."

குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. கவினேஷ் மிரண்டுபோய் விரல்களை விரித்தான்.

பாதித் துண்டுதான் இருந்தது. மீதியைக் கடித்த பல் தடம் ஈரமாக இருந்தது.

"தங்கச்சிக்கு டீச்சர். ஒண்ணாப்புல இருக்கா."

டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் விரல்களைத் துண்டோடு சேர்த்து மூடிவிட்டாள்.

சுபிக்ஷா மிச்சக் கொய்யாவை மறுபடியும் சட்டையில் பொதிந்தாள். கொஞ்சம் பெரிதாகவே கடித்தாள். டீச்சர் முன்னால் வந்து நீட்டினாள்.

"எல்லாரும் தின்னாச்சு. நீங்கதான் இன்னும் திங்கல டீச்சர்."